கட்டாரின் கோல்ட் லைனும் எங்கள் வெள்ளை லயமும்

6 ஜனவரி 2024 — பண்டாரவளை வாசகர் ஒருவரின் கேள்வி

அடுத்த மாதக் கடைசியில் வேலைக்காக டோஹாவுக்குப் போகிறேன். அங்கே மெட்ரோவில் ரெட் லைன், கிரீன் லைன், கோல்ட் லைன் என்று மூன்று ஓடுகின்றனவாம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து முன்பு போய் வந்த ஒருவர், கோல்ட் லைன் காசுக்காரர்களுக்காக ஓடுவது, அதில் ஏறிவிடாதே, நமக்கு ரெட் லைன்தான் என்கிறார். தங்கம் என்று பெயர் வைத்ததே அதற்காகத்தானாம். இது உண்மையா?

6 ஜனவரி 2024, இரவு

உண்மையில்லை. நான் 2018 முதல் 2022 வரை டோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்தேன். மூன்று லைன்களிலும் ஓடுவது ஒரே மாதிரியான ரயில், கட்டணமும் ஒன்றுதான். நான் இருந்த காலத்தில் ஒரு பயணத்துக்கு 2 ரியால். உங்கள் தோட்டத்துக்காரர் லைனையும் பெட்டியையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ரயிலிலும் கோல்ட் கிளப் என்று 16 இருக்கைகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது, அதற்குத்தான் 10 ரியால். அந்தப் பகுதி ரெட் லைன் ரயிலிலும் உண்டு, கிரீன் லைன் ரயிலிலும் உண்டு. லைனின் நிறம் வரைபடத்தில் அடையாளம் காண்பதற்கு மட்டுமே. அதில் வேறு பொருள் எதுவும் இல்லை.

7 ஜனவரி 2024

நேற்று இவ்வளவு உறுதியாக எழுதிவிட்டுப் படுத்தபிறகுதான், அதே குழப்பத்தில் நானே ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தோட்டத்துக்காரருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

கோல்ட் லைன் கடைசியாகத்தான் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஒரு வெள்ளிக்கிழமை சனையாவிலிருந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வந்தேன். தொழிலாளர் முகாம்கள் நிறைந்த கைத்தொழிற்பேட்டையை அங்கே எல்லோரும் சனையா என்றுதான் சொல்வார்கள், மெட்ரோ அந்தப் பக்கம் வராது. முஷைரிப் நிலையத்தில் மூன்று லைன்களும் சந்திக்கின்றன. சூக் வாகிஃப் சந்தைக்குப் போவதானால் அங்கிருந்து கோல்ட் லைனில் ஒரே ஒரு நிலையம். கீழே இறங்கும் வழியில் கோல்ட் என்ற சொல்லையும் பொன் நிறப் பட்டையையும் பார்த்தவுடன், கையிலிருக்கும் அட்டையில் பத்து ரியால் போய்விடும் என்று பயந்துவிட்டேன். அந்த மாதம் எங்கள் சம்பளம் இரண்டு கிழமை பிந்தியிருந்தது. மேடையில் நின்றபடி மூன்று ரயில்களை விட்டேன். ரயிலில் சாரதி இல்லாததால் கேட்பதற்கும் ஆளில்லை. பிறகு மேலே ஏறி, வெயிலில் நடந்தே சந்தைக்குப் போனேன்.

திரும்பும்போது ஒரு நேபாளத்துப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன்னுடைய அட்டையை வாயிலில் தட்டி, கழிந்த தொகையைத் திரையில் காட்டினான். இரண்டு ரியால். பெயரைப் பார்த்துப் பயந்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்பது அவனுடைய சிரிப்பிலேயே தெரிந்தது.

9 ஜனவரி 2024

ஒரு திருத்தம். கோல்ட் லைன் கடைசியாகத் திறக்கப்பட்டது என்று எழுதியது பிழை. ரெட் லைனின் முதற்பகுதி 2019 மே 8ஆம் திகதியும், கோல்ட் லைன் அதே ஆண்டு நவம்பர் 21ஆம் திகதியும், கிரீன் லைன் டிசம்பர் 10ஆம் திகதியும் தொடங்கின. நான் கிரீன் லைனில் போனதே குறைவு, அதனால் அது முன்பே இருந்ததாக மனத்தில் பதிந்துவிட்டது.

14 ஜனவரி 2024

இந்த லைன்களுக்கு நிறத்தைத் தவிர வேறு பெயரே இல்லையா என்று தலவாக்கலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ரெட் லைனுக்குக் கரையோர லைன், கிரீன் லைனுக்குக் கல்வி லைன், கோல்ட் லைனுக்கு வரலாற்று லைன் என்று பெயர் உண்டு. மூன்றும் பொருளுள்ள பெயர்கள்தாம். ரெட் லைன் தெற்கே அல் வக்ராவிலிருந்து வடக்கே லுசைல் வரை கரையை ஒட்டிப் போகிறது. கிரீன் லைன் பல்கலைக்கழகங்கள் இருக்கும் கல்வி நகரத்துக்கும் தேசிய நூலகத்துக்கும் போகிறது. கோல்ட் லைன் தேசிய அருங்காட்சியகத்தையும் பழைய சந்தையையும் தொட்டுச் செல்கிறது. ஆனால் நான்கு ஆண்டுகளில் ஒருவர் வாயிலிருந்தாவது கரையோர லைன் என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

இது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. ஏனென்றால் நம் நாட்டிலும் கரையோரப் பாதை இருக்கிறது, கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போகும் பாதையை எல்லோரும் அந்தப் பெயரால்தான் சொல்கிறோம். வெள்ளவத்தையில் ரயிலின் வாசலில் நின்றால் அலைத்தெறிப்பு முகத்தில் விழும், பெயரை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டோஹாவிலோ நகரின் நடுவே ரெட் லைன் முழுக்க நிலத்துக்கடியில் ஓடுகிறது. கரையை ஒட்டி ஓடினாலும் கடல் கண்ணில் படாது. கோல்ட் லைன் முழுவதுமே சுரங்கம்தான். சன்னலுக்கு வெளியே இருட்டும், அதில் நம் முகமும் மட்டுமே தெரியும்போது வரலாற்றை எங்கே காண்பது? கண்ணுக்கு மிஞ்சுவது சுவரில் உள்ள பட்டையின் நிறம் மட்டும்தான், அதனால் நிறமே பெயராகிவிடுகிறது.

நம் மலைநாட்டுப் பாதைக்கு யாரும் நிறம் சொல்லாததற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்து, கடைசியில் 1924இல் பதுளையை எட்டிய பாதை அது. சன்னலோரம் உட்கார்ந்தால் எந்த வளைவில் எந்த அருவி வரும், எந்தத் தோட்டத்து ஆலை தெரியும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தில் கோச்சி நுழைந்ததும் எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் எழும். 562 மீற்றர் நீளத்துக்கு அந்தக் கூச்சல் ஓயாது. வெளியே பார்க்க ஒன்றுமில்லாததால்தான் கத்துகிறோம் போலிருக்கிறது. டோஹாவில் வழியெல்லாம் சுரங்கத்தில் போகும்போது யாரும் கத்துவதில்லை, எல்லோரும் தொலைபேசியைப் பார்க்கிறார்கள்.

15 ஜனவரி 2024

சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்குப் பதில் இப்போது ரயிலையே பார்க்க வருகிறார்கள், வெளிநாட்டுப் பயணிகள் எல்லோரும் நீல ரயில் என்றுதானே சொல்கிறார்கள் என்று ஒருவர் குட்டியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 2012இல் சீனாவிலிருந்து வந்த நீலப் பெட்டிகளைப் படமெடுத்துப் படமெடுத்து அந்தப் பெயரை ஆக்கிவிட்டார்கள். நமக்கு அது இன்னமும் உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே. பெட்டி சிவப்பாக வந்தாலும் மெனிக்கே மெனிக்கேதான்.

16 ஜனவரி 2024

என் மாமா இதை வாசித்துவிட்டு, பச்சையில் போனாயா, சிவப்பில் போனாயா என்று தொலைபேசியில் கேட்டார். கேள்வி மெட்ரோவைப் பற்றியதல்ல. நம் நாட்டில் பச்சை, நீலம், சிவப்பு என்று ஒருவர் கேட்டால் எந்தக் கட்சி என்றுதான் பொருள். தங்கத்தில் போனேன் என்றேன். அப்படி ஒரு கட்சி எப்போது தொடங்கினார்கள் என்று கேட்டார்.

21 ஜனவரி 2024

சிவப்புக்கு வருகிறேன். அரபியில் அறிவிப்புச் செய்யும்போது ரெட் லைனை அல் கத் அல் அஹ்மர் என்பார்கள். சிவப்புக் கோடு என்பது அதன் நேர்ப் பொருள். தாண்டக்கூடாத எல்லை என்பதற்கும் அரபியில் அதே சொற்றொடர்தான். என்னோடு வேலை செய்த எகிப்தியர் ஒருவர், "நான் தினமும் சிவப்புக் கோட்டில் ஏறித்தான் வேலைக்கு வருகிறேன், மேற்பார்வையாளர் வேறு அதைத் தாண்டாதே என்கிறார், எப்படி வீட்டுக்குப் போவது?" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு முதலில் விளங்கவில்லை. தமிழில் நாம் எல்லையைச் சொல்லக் கோட்டுக்கு நிறம் கொடுப்பதில்லையே. அப்பா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான் என்றால் போதும். இலட்சுமணன் கிழித்த கோடு என்ன நிறம் என்று எந்தக் கதாப்பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

டுபாயில் என் மைத்துனன் இருந்தான். அங்கே ரெட் லைனை 2009 செப்டம்பர் 9ஆம் திகதி, எண்களின் பொருத்தத்துக்காக இரவு 9 மணி 9 நிமிடம் 9 விநாடிக்குத் திறந்தார்களாம். அந்த ரயிலில் உண்மையிலேயே தாண்டக்கூடாத ஒரு கோடு இருக்கிறது, ஆனால் அது சிவப்பு அல்ல. பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பகுதியைப் பிரித்துத் தரையில் ரோஜா நிறத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள். நெரிசலில் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்த ஆணுக்கும் 100 திர்ஹம் தண்டம். மைத்துனன் கட்டியிருக்கிறான். ரெட் லைனில் போய் ரோஜாக் கோட்டைத் தாண்டியவன் என்று வீட்டில் இன்றும் அவனுக்குப் பட்டம்.

28 ஜனவரி 2024

இதுவரை எழுதியது எல்லாம் நிறத்தைப் பற்றி. ஆனால் எங்கள் வீட்டில் சிக்கல் நிறத்தில் வரவில்லை, லைன் என்ற சொல்லில் வந்தது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமெடுக்கலாம், நம்மவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டு, எங்கள் முகாமைச் சனையாவிலிருந்து அல் வாபுக்கு அருகில் மாற்றினார்கள். அது கோல்ட் லைனில் உள்ள ஒரு நிலையம். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், இப்போது கோல்ட் லைனில் இருக்கிறேன், போக்குவரத்து வசதி என்று. அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

"எத்தன காம்பராடா?"

நான் நிலையங்களை எண்ணிக்கொண்டு பதினொன்று என்றேன். எதைக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

"பதினோரு காம்பரா லயமா? ஒத்தையா, ரெட்டையா?"

அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் லைன் என்றால் லயம், தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள்; அதில் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில், ஒரே ஒரு காம்பராவிலும் அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணையிலும் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்த பெண்ணுக்கு லைன் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? மகன் இவ்வளவு தூரம் கடல் கடந்து போயும் மறுபடி லயத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே என்ற கவலை அந்தக் குரலில் இருந்தது. ரயில் பாதையைச் சொன்னேன், கோச்சி போகும் லைன் என்று விளக்கினேன். அப்படியானால் சரி என்றார். ஆனால் அடுத்த நாளே எங்கள் தோட்டப் பிரிவான பணியக்கணக்கு முழுவதற்கும், மகன் தங்க லயத்தில் இருப்பதாகச் செய்தி போய்விட்டது. விளக்கத்தைக் கேட்டுக்கொண்டாரே தவிர, தனக்குப் பிடித்த பகுதியைத்தான் வைத்துக்கொண்டார்.

தங்க லயத்தில் அப்போது நாங்கள் ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அதை நான் சொல்லவில்லை.

3 பெப்ரவரி 2024

நிறத்துக்குப் பொருள் இல்லை என்று முதல் நாள் எழுதியதை இருவர் மறுத்திருக்கிறார்கள், அதில் ஒருவருடைய மறுப்பு வலுவானது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் 1965இல் லைன்களுக்கு நிறப்பெயர் வைத்தபோது காரணத்தோடுதான் வைத்தார்களாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் சிவப்பு, துறைமுகத்துக்கு அடியில் போவதற்கு நீலம், பூங்காக்களின் வரிசையை ஒட்டிப் போவதற்குப் பச்சை. செம்மஞ்சளுக்கு மட்டும், மற்றவற்றோடு பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதைத் தவிரக் காரணமில்லை என்று அதை வடிவமைத்தவரே சொல்லியிருக்கிறார். ஆக, நிறம் வெறும் அடையாளம் என்ற என் கூற்று செம்மஞ்சளுக்கு மட்டுமே பொருந்துகிறது.

எனக்கே இன்னொரு யோசனையும் வருகிறது. சிவப்பும் பச்சையும் வண்ணப் பெட்டியிலிருந்து எடுத்த பெயர்கள். அந்த வரிசையில் அடுத்து மஞ்சள் என்றுதானே வரவேண்டும்? அங்கே தங்கம் என்று வைத்தபோது யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை நினைத்திருக்க வேண்டும். தங்கம் ஒரு நிறம் மட்டுமல்ல, அது பொருள். அடகுக் கடையில் அதை மஞ்சள் என்று யாரும் எடைபோடுவதில்லை. போதாக்குறைக்கு அதிகக் கட்டணப் பெட்டிக்கும் அதே சொல்லை வைத்தார்கள். இப்படி இரண்டு இடத்தில் ஒரே சொல்லை வைத்துவிட்டு, மேடையில் நின்று மூன்று ரயிலை விட்டவனைக் குழம்பியவன் என்பது நியாயமாகுமா? பண்டாரவளைத் தம்பியின் தோட்டத்துக்காரர் தகவலில்தான் பிழைவிட்டார், சொல்லின் பொருளை அவர் சரியாகவே கேட்டிருக்கிறார். முதல் குறிப்பின் கடைசி இரண்டு வசனங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கட்டண விபரம் அப்படியே இருக்கட்டும்.

4 பெப்ரவரி 2024

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு: சென்னை மெட்ரோவில் நீல வழித்தடம், பச்சை வழித்தடம் என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. தோட்டத்து மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டின் கோத்தகிரிக்குப் போன எங்கள் பெரியப்பா குடும்பத்தின் பேரப்பிள்ளை ஒருத்தி பச்சை வழித்தடத்தில்தான் வேலைக்குப் போகிறாள். நல்ல சொல் அது, தடம் என்றால் கால் பட்ட இடம். ஆனால் பேச்சில் அவளும் கிரீன் லைன் என்கிறாள். நான் கோல்ட் லைனில் இருந்ததாகச் சொன்னபோது, எங்கள் ஊரில் லைன் அடிக்கிறது என்றால் வேறு அண்ணா என்றாள். ஒரு சொல் பாக்கு நீரிணையைக் கடப்பதற்குள் மூன்று வேடம் போட்டுவிடுகிறது.

18 பெப்ரவரி 2024

எங்கள் தோட்டத்தில் நிறத்தால் பெயர்பெற்ற லயம் ஒன்று இருக்கிறது என்பதை இத்தனை நாள் எழுதியும் நான் கவனிக்கவில்லை. மனைவிதான் நினைவூட்டினாள். வெள்ளை லயம் என்று பெயர், நான் பிறந்ததே அதில்தான்.

ரோட்டிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அந்த லயம் என்பதால், பெரிய துரைமார் வரும்போதெல்லாம் அதற்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்களாம். பின்னாலிருந்த லயங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது சுவரில் வெள்ளை என்பதே கிடையாது. அடியில் பாசியின் பச்சை, அடுப்படிப் பக்கம் புகைக் கறுப்பு, தகரக்கூரை ஒழுகிய இடங்களில் துருவின் செம்மண் வரிகள். மழைக்காலத்தில் சுவரில் விரலை வைத்தால் காரை ஈரமாகப் பெயர்ந்து நகத்துக்குள் போகும். அப்படியிருந்தும் வெள்ளை லயம் என்பதை யாரும் கேலியாகச் சொன்னதில்லை. தபால்காரரும் அப்படித்தான் சொன்னார், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அப்படித்தான் கேட்டார். சில குடும்பங்கள் இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போய்விட்டன. அவர்களுடைய பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும், வெள்ளை லயத்து வீட்டுப் பிள்ளையா என்றுதான் கேட்கிறார்கள்.

டவுனில் பாதசாரிகள் கடக்கும் இடத்தை மஞ்சள் கோடு என்கிறோம். அதற்கு வெள்ளை பூசி வருடக்கணக்காகிறது. நேற்று ஹட்டன் பஸ் நிலையத்தடியில், மஞ்சள் கோட்டில் கடந்து போங்கள் என்று ஒரு பொலிஸ்காரர் ஒரு கிழவிக்கு வெள்ளைக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். கிழவியும் தயங்காமல் அதில்தான் போனார்.

19 பெப்ரவரி 2024

எங்கள் வீட்டுக்கு இப்போது என்ன பெயர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாங்களும் தனி வீடுதான். அம்மாவின் புண்ணியத்தில், பணியக்கணக்கில் தங்க லயத்தார் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அடுத்த மாதம் வந்தால் சீமெந்துப் பூச்சு முடிந்திருக்கும். நிறம் இன்னும் வாங்கவில்லை.

25 பெப்ரவரி 2024

பண்டாரவளைத் தம்பி நாளை மறுநாள் புறப்படுவதாக எழுதியிருக்கிறார், பயண அட்டை விபரம் கேட்கிறார். நிலையத்தின் இயந்திரத்திலேயே அட்டை வாங்கலாம். என் காலத்தில் அட்டைக்கு 10 ரியால், பயணத்துக்குக் கழிவது வேறு, ஒரு நாளில் எத்தனை முறை போனாலும் 6 ரியாலுக்கு மேல் போகாது. கோல்ட் கிளப் அட்டை வேறு, அதை அழுத்திவிடாதீர்கள். குடும்பப் பெட்டியில் தனியாக ஏறவேண்டாம், சாதாரணப் பெட்டிகளில் மொத்தம் 88 இருக்கைகள் இருக்கின்றன. முகாம் சனையாவில் என்றால் முதலில் பஸ். வெள்ளிக்கிழமைகளில் அப்போது பிற்பகல் 2 மணிக்குத்தான் மெட்ரோவைத் திறந்தார்கள், இப்போதைய நேரத்தை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை காலை 10 மணிக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நான்கு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அது கோல்ட் லைன்தான்.